பிரிட்ஜுக்கு வந்த நல்ல தண்ணீர்

என் வயதுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் பிரிட்ஜ் வந்தபோது என்ன செய்தீர்கள்? கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளே விளக்கு எப்போது அணைகிறது என்று பார்த்திருப்பீர்கள். அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருப்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் கதை அதோடு முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை. பிரிட்ஜ் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் தெருவையே தோண்டினார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தை ஷாப் என்றுதான் சொல்வோம். அப்பா ஷாப்பில் பாய்லர் பார்த்தார். வெளியூர் உறவுக்காரர்கள் ஸ்டேஷனில் இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த வாடை உறைத்ததே இல்லை. சுண்ணாம்புக் குழி, ஊறுகிற ஆவாரம்பட்டை, பச்சைத் தோல், பாய்லர் புகை எல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு அப்பாவின் சட்டை வாசனை. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. துவைக்கிற தண்ணீரே அந்த லட்சணத்தில் இருந்தால் எப்படிப் போகும்?

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிணறு இருந்தது. இறைத்து வைத்தால் ஆறிப்போன டீ மாதிரி ஒரு நிறம். வாயில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் கசப்பு. அதில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றினால் மயிர் சிக்குப் பிடித்துச் சீப்பை உடைக்கும். ஷாப் கழிவுத் தண்ணீரெல்லாம் பாலாற்றுக்குத்தானே போகிறது, நமக்கென்ன என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். போகிற வழியில் அது எங்கள் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

நல்ல தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில். தெருவின் மேட்டுக்கோடியில் ஒரு தென்னந்தோப்பு. அதன் சொந்தக்காரரை ஊரே தோப்பு பாய் என்று கூப்பிடும். அவர் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இனிக்கும். மோட்டார் போட்டு உயரத் தொட்டிக்கு ஏற்றுவார். காலைத் தொழுகை முடிந்து வந்ததும் தோப்புக் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயைத் திறந்துவிடுவார். காசு வாங்க மாட்டார். ஆனால் யார் வீட்டுக்கும் பைப் கொடுக்க மாட்டார். ஒருத்தருக்குக் கொடுத்தால் தெரு முழுக்க வந்து நிற்கும் என்பார். அந்தக் குழாயில் இடம் பிடிக்க அம்மா இருட்டிலேயே எழுந்து போவாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று பித்தளைக் குடங்களோடு திரும்பும்போது கிழக்கே வெளுத்திருக்கும். மறுபடி போவாள். நான் கண் விழிக்கும்போது அம்மாவின் புடவை ஒரு பக்கம் நனைந்தே இருக்கும். அம்மா என்றால் அப்படித்தான் ஈரமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை வயிற்றில் வந்து தங்காமல் போய்விட்டது. அந்தக் கோடையில் மூன்றாம் முறையாக முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்பாவை நேரில் கூப்பிட்டே சொன்னாராம், குடம் கிடம் தூக்க விடாதீங்க, இந்தத் தடவையும் போச்சுன்னா அப்புறம் கஷ்டம் என்று. அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? டானிக் வாங்கி வைத்தார். மாதுளம்பழம் வாங்கி வந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

"இனிமே ரெண்டு குடமா தூக்காத. ஒண்ணொண்ணா எடுத்துட்டு வா."

அடப் பாவமே, ஒன்றொன்றாகக் கொண்டுவந்தால் நடை இரட்டிப்பாகாதா? பாய்லரில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்று கதவுக்கு வெளியிலிருந்து சத்தத்தை வைத்தே சொல்கிற மனிதருக்கு இது தெரியவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

"தோப்பு பாய்கிட்ட ஒரு பைப் கேட்டுப் பாருங்களேன்," என்றாள் அம்மா.

"இன்னான்னு போய்க் கேக்குறது? தெருவுல இருக்குற பொம்பளைங்க எல்லாம் தூக்கிட்டுத்தான இருக்காங்க? என் பொண்டாட்டிக்கு மட்டும் தனியா பைப் குடுங்கன்னு அவர் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா? வெக்கமா இருக்காது?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. நான் ஒரு சின்னச் சொம்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் போகத் தொடங்கினேன். என் சொம்புத் தண்ணீரில் பாதி வழியிலேயே சிந்திவிடும்.

இந்த நிலையில்தான் பிரிட்ஜ் வந்தது. வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்கள் தங்குவதற்காக முதலாளி ஒரு கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்தார். அங்கே கப்பலில் வந்த ஒரு அமெரிக்க பிரிட்ஜ் இருந்தது. முதலாளி புதிதாக ஒன்று வாங்கியதும், அவசர ஆர்டருக்காகப் பாய்லரை நிற்காமல் ஓட்டிக் கொடுத்த அப்பாவுக்குப் பழையதைக் கொடுத்துவிட்டார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் படுக்கப் போடாமல் நிறுத்தியபடியே கொண்டுவந்தார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தோம். வெளிர் பச்சை நிறம். பீரோவை விட அகலம். கைப்பிடி மட்டும் என் முழங்கை நீளம் இருக்கும். கூடவே ஒரு இரும்புப் பெட்டி வந்தது. நம் ஊர்க் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மராம், அதைத் தூக்க இரண்டு ஆள். வண்டியோடு கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரும் வந்திருந்தார். சமையல் பாய் என்போம். அத்தனை வருஷம் அந்த பிரிட்ஜைத் துடைத்து வைத்திருந்தவர் அவர்தான், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி கண் கலங்க நின்றார். அப்பா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் உள்ளே ஏற்றினார். அதன் அடியில் சின்னதாகச் சக்கரங்கள் இருந்தன, அதனால் அதுவும் ஒரு வண்டிதான் என்பது அவர் கட்சி.

சமையலறையில் நிறுத்தியாயிற்று. அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் போனவர் "ஏய்!" என்று கத்தினார். அங்கே மெல்லிய செம்புக் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. நுனியில் பித்தளை மரை.

"இன்லெட்டு! தண்ணி இன்லெட்டு!" என்றார். அப்பாவின் முகம் பிரகாசமாகிவிட்டது. அவருக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதானே. "நம்ம பாய்லர் மாதிரியேதான். தண்ணி கனெக்சன் இல்லாம ஓட்டுனா காய்ஞ்சி வெடிச்சிடும். யாரும் ஸ்விட்சத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, ஷாப்பில் பைப் வேலை பார்க்கும் பிட்டர் மாமாவைக் கூட்டிவர சைக்கிளில் பறந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் சமையல் பாய் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"அந்தப் பைப்ப கண்டுக்காதம்மா. ஐஸ் தானா விழறதுக்கு வெச்சிருக்கான். அது வந்தப்பவே ரிப்பேரு. நாங்க கனெக்சனே குடுத்ததில்ல. தட்டுல தண்ணி ஊத்தி வெச்சா ஐஸு ஆயிடும். சும்மா ஸ்விட்சு போடு, ஜில்லுன்னு ஓடும்."

அம்மா கேட்டுக்கொண்டாள். அவரை வழியனுப்பினாள். கதவைச் சாத்தினாள். பிறகு என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "நீ ஒண்ணும் கேக்கல. வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்," என்றாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. 

அடுத்து நடந்ததை உங்களில் பாய்லர் பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருந்தால் புரிந்துகொள்வீர்கள். பாய்லர்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி உப்புத் தண்ணீர். உள்ளே பொறுக்கு கட்டி, குழாயை அடைத்து, கடைசியில் வெடித்துவிடும். ஆகையால் அப்பா மூன்று பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார். ஒன்றில் எங்கள் கிணறு, ஒன்றில் முனிசிபாலிட்டி குழாய், ஒன்றில் அம்மா கொண்டுவந்த குடத்து நீர். ஷாப்பிலிருந்து கொண்டுவந்த சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினார். முதல் பாட்டிலில் தயிர் திரிந்த மாதிரி ஆயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் கழுத்து வரை நுரை பொங்கியது.

"தோப்பு பாய் தண்ணிதான் இதுக்கு லாயக்கு," என்று தீர்ப்புச் சொன்னார்.

"இதத் தெரிஞ்சிக்க பாட்டில் எதுக்கு? என் இடுப்பக் கேட்டா சொல்லியிருக்குமே," என்றாள் அம்மா, அரிசி களைந்தபடியே. பிட்டர் மாமா சிரித்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தோப்பு பாய் வீட்டுக்குப் போனார். பெண்டாட்டிக்குக் கேட்க வெட்கப்பட்டவர் பிரிட்ஜுக்குக் கேட்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். மெஷின் விஷயம், டெக்னிக்கல் விஷயம், அதில் என்ன வெட்கம்? தோப்பு பாயும் அமெரிக்கா மெஷின் என்றதும் ஆர்வமாகிவிட்டாராம்.

"மெஷினுக்குன்னா எடுத்துக்க. ஊட்டுச் செலவுக்குன்னு நடுவுல குழாய் கிழாய் வெச்சேன்னா மூடிடுவேன். அப்புறம் பேஜாராயிடும்," என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

அப்படித்தான் தெருவைத் தோண்டினார்கள். ஷாப்பில் கழித்துப் போட்டிருந்த பழைய இரும்புப் பைப்புகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாப் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பிட்டர் மாமா எங்கள் வாசலில் உட்கார்ந்து பைப்பைப் பிடியில் இறுக்கி மரை வெட்டினார். எண்ணெய் ஊற்ற ஊற்ற, வெள்ளி மாதிரிச் சுருள் சுருளாக இரும்பு கழன்று விழும். அதைப் பொறுக்கி வளையல் போட்டுக்கொண்டு கையைக் கிழித்துக்கொண்டேன். சணலைச் சுற்றி வெள்ளைப் பசை தடவி ஒவ்வொரு பைப்பாக முடுக்கினார்கள். அம்மா அத்தனை பேருக்கும் மோர் கலந்து கொடுத்தாள். அந்த மோருக்கான தண்ணீரும் அவள் தலையில் வந்ததுதான். வேலை மெதுவாக நடந்தது, அம்மாவின் வயிறு வேகமாக வளர்ந்தது. சில நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பயந்துபோய்ப் பார்ப்பேன்.

"ஒண்ணும் இல்லடி. பைப்பு எங்க வரைக்கும் வந்துச்சி, போய்ப் பாத்துட்டு வா," என்பாள்.

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, டெய்லர் கடை வரைக்கும் வந்துவிட்டது, புளியமரம் வரைக்கும் வந்துவிட்டது என்று சொல்வேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. அந்தப் பைப் எதற்காக வருகிறது என்று அப்பா ஒன்று நினைத்திருந்தார், அம்மா வேறொன்று நினைத்திருந்தாள். சமையல் பாய் எங்கேயாவது அப்பாவைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் வழியில் தெரிந்த கோயிலுக்கெல்லாம் கும்பிடு போட்டேன்.

எந்தச் சாமியும் கேட்கவில்லை. தண்ணீர் திறக்கிற அன்று அப்பா ஷாப் ஆட்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். தோப்பு பாய் பெரிய மனிதர் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார். கற்பூரத் தட்டு தயாராக இருந்தது. பிட்டர் மாமா இரும்புப் பைப்பையும் செம்புக் குழாயையும் இணைத்து முடித்து, ஸ்பேனரும் கையுமாக நின்றார். அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பிரிட்ஜைப் பார்த்து நாளாயிற்றே என்று சமையல் பாய் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு உள்ளே வந்தார்.

"அரே, இது இன்னா கூட்டம்?" என்றார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "இதுக்கா தண்ணி? இதுக்கு எதுக்குத் தண்ணி? நான்தான் அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேனே, கனெக்சனே வேணாம், சும்மா ஓடும்னு."

 அப்பா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். போய் டிரான்ஸ்பார்மர் ஸ்விட்சைத் தானே போட்டார். பிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வெடிக்காமல், அழகாக ஓடியது. ஷாப் ஆட்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தெருவைத் தோண்டவைத்த அப்பாவுக்குக் காது நுனி வரைக்கும் சிவந்துபோனது. 

அப்பா அம்மாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வந்த அன்னிலேர்ந்தே."

"இத்தினி பேரு முன்னாடி என்னைக் கேனையனாக்கிட்டியேடி!"

தோப்பு பாய் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அப்ப மெஷினுக்குத் தண்ணி தேவையில்ல. சரி, மூடிடலாமா? ஆளுக்கு வேல இருக்கு," என்றார். பிட்டர் மாமா என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பேனரை இணைப்பில் மாட்டினார்.

அம்மா அதுவரை ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே வந்து பேசியவள் இல்லை. அன்றைக்கு வந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்து, பிரிட்ஜுக்கும் பிட்டர் மாமாவுக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணா, கை வெக்காதீங்க." பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அதுக்குத் தேவையில்ல. எனக்குத் தேவை. ரெண்டு போய்டுச்சி. இதையும் என்னால குடுக்க முடியாது."

"உனக்கு வேணும்னு ஏன் நீ கேக்கல?" என்றார் அப்பா. குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"கேட்டேன். நீங்கதான் கேக்கல."

 அவர் கெட்டவர் இல்லை, நான் சத்தியம் செய்வேன். அவர் பார்வை அம்மாவின் கால் பக்கம் போனது. கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. அதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு தோப்பு பாயின் முன்னால் போய் நின்றார். தன் ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பாய், மெஷினுக்கு வேணாம். என் சம்சாரத்துக்குத் தண்ணி வேணும். குடுங்க."

தோப்பு பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, இதக் கேக்குறதுக்கா இவ்ளோ தூரம் சுத்துன? ஊட்டுக்காரிக்குக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, ஒரு பொட்டிக்குக் கேட்டுட்டு வந்து நின்னியே!"

"தப்புதான் பாய்."

"நாளைக்குத் தெருவே வந்து என் வாசல்ல நிக்கும், தெரியுமா?"

"நிப்பாங்க பாய். அவங்க ஊட்லயும் பொம்பளைங்க இருக்காங்க இல்ல?" என்றாள் அம்மா.

தோப்பு பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா மாட்டிக்கிட்டேன் போ," என்று மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சமையல் பாய்க்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. அவர் பாட்டுக்குப் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

அப்பா பிட்டர் மாமாவிடம் போனார். "அந்தக் காப்பர் ட்யூபக் கழட்டுடா மச்சான்," என்றார். எனக்குப் பகீரென்றது. "கழட்டிட்டு அங்க ஒரு டேப் போடு. கீழ போடாத. அவ குனியாம புடிக்கிற உயரத்துல போடு."

உயரம் பார்க்க அம்மாவைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். பிட்டர் மாமா அவள் இடுப்புக்கு நேராகச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்தார். குழாய் மாட்டியதும் அப்பா தானே திருகினார். முதலில் காற்று வந்தது, பிறகு துரு கலந்து செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது, அப்புறம் கண்ணாடி மாதிரி வந்தது. அம்மா இரண்டு கைகளிலும் ஏந்திக் குடித்தாள். குடித்துவிட்டு அழுதாள். எல்லார் முன்னாலும் அழுதாள். ஷாப் ஆட்கள் கூரையைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், பிரிட்ஜைப் பார்த்தார்கள்.

தோப்பு பாய் சொன்ன மாதிரியே தெரு வந்து நின்றது. அடுத்த மழைக்குள் அந்தப் பைப்பில் டெய்லர் கடைப் பக்கம் ஒரு குழாய், புளியமரத்தடியில் ஒரு குழாய் என்று கிளை விட்டுக்கொண்டே போனது. தம்பி புரட்டாசியில் பிறந்தான், குறை மாதம் இல்லாமல், குண்டாக, ஊரைக் கூட்டும் குரலோடு. இன்றைக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது அவனுக்கு. பிரிட்ஜ் கொஞ்ச காலம் ஓடிவிட்டு நின்றுபோயிற்று. அப்புறம் அதில் துணி வைத்திருந்தோம், கடைசியில் யாருக்குப் போனது என்று ஞாபகம் இல்லை. டிரான்ஸ்பார்மர் மட்டும் இருந்தால் இப்போது நல்ல விலைக்குப் போயிருக்கும் என்று தம்பி அடிக்கடி புலம்புவான்.

ஆனால் எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தோன்றுவதில்லை. குழாய் போட்டதற்கு மறுநாள் காலையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நான் கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் வந்துவிட்டிருந்தது. ஷாப் சங்கு ஊதி முடிந்திருந்தது. அப்பா வேலைக்குப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்து ஊதுகுழலை வைத்துக்கொண்டு, புகையில் இருமி இருமி, காப்பிக்குத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்துப் பாயில் யாரோ படுத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அம்மா. ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, காய்ந்த புடவையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தூங்கி நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் "அம்மா" என்று கத்த வாயெடுத்தேன்.

அப்பா அடுப்படியிலிருந்து வேகமாகக் கையைக் காட்டினார்.

"கத்தாத. தூங்குறா."